குறுகிய கால மிஷனரிப் பயணம்: முதன்முறை வெளிநாடு போகும் சபைக் குழுவுக்கு

சபையிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து ஒரு வாரமோ பத்து நாளோ வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகலாம் என்று பேச்சு எழுந்ததும், "அங்கே போய் என்ன செய்யலாம்?" என்றுதான் எல்லாரும் யோசிப்பார்கள். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். "அங்குள்ள சபை நம்மிடம் எதைக் கேட்கிறது?" என்பதில் தொடங்குங்கள். விருந்தாளிகளைக் கவனிப்பது அவர்களுக்குப் பெரிய வேலை. சமையல், வண்டி, மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்கும் அங்குள்ள விசுவாசிகள்தான் தங்கள் பிழைப்பை விட்டுவிட்டு ஓட வேண்டும். அந்தப் பாரத்துக்கு ஈடான பலன் அவர்களுக்குக் கிடைக்குமா என்பதை முதலிலேயே பேசி முடிவெடுத்தால், பின்னால் வரும் பாதிச் சிக்கல்கள் எழவே எழாது.

எட்டு, ஒன்பது மாதங்களுக்கு முன்: அழைக்கும் சபையோடு பேச்சு

அங்குள்ள போதகரோடு வீடியோ அழைப்பில் குறைந்தது இரண்டு முறை பேசுங்கள். முதல் அழைப்பில் எதையும் முன்மொழியாமல் கேளுங்கள். நாம் ஒரு திட்டத்தைச் சொல்லி "சரியா?" என்று கேட்டால், மரியாதைக்காக "சரி" என்றுதான் பதில் வரும். அவர்களாகச் சொல்லக் காத்திருந்தால் உண்மையான தேவை வெளியே வரும். சுவர் கட்ட ஆள் வேண்டாம், ஞாயிறுபள்ளி ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தால் போதும் என்று சொல்லும் சபைகள் நிறைய உண்டு.

அந்தப் பேச்சில் தெளிவாக வேண்டியவை: எத்தனை பேரைச் சமாளிக்க முடியும், எந்த மாதத்தில் மழை, அறுவடை, பள்ளித் தேர்வு, எந்த வேலையை அங்குள்ளவர்களே கூலிக்குச் செய்கிறார்கள், அரசு அனுமதி எதற்கெல்லாம் வேண்டும், நம் உணவு, தங்குமிடம், வண்டிச் செலவு ஒரு நாளைக்கு ஒருவருக்கு எவ்வளவு. கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் பரவாயில்லை" என்று பதில் வந்தாலும் விடாதீர்கள். தொகையை எழுத்தில் வாங்கி, பயணத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். அரிசி வாங்க அவர்கள் கடன்பட்டுவிட்டு நம்மிடம் சொல்லாமல் இருந்துவிடுவார்கள்.

கட்டட வேலை என்றால் கூடுதல் யோசனை தேவை. பழக்கமில்லாத பன்னிரண்டு பேர் ஒரு வாரத்தில் பூசும் சுவரை உள்ளூர் கொத்தனார்கள் இரண்டு நாளில் சுத்தமாக முடிப்பார்கள், அந்தக் கூலி அவர்கள் வீட்டுக்கும் போகும். வேலைக்கான பணத்தைக் கொடுத்துவிட்டு, மேஸ்திரியின் கீழ் சித்தாளாக நின்று உதவுவது பெரும்பாலும் நல்ல வழி. அனாதை இல்லங்களுக்குப் போவதாக இருந்தால் இன்னும் கவனம். வாரத்துக்கு ஒரு குழு வந்து கொஞ்சிவிட்டுப் போனால், ஒவ்வொரு முறையும் கைவிடப்படும் அனுபவம் அந்தக் குழந்தைகளுக்கு மறுபடி நேர்கிறது. பார்வையாளர் காணிக்கைக்காகப் பெற்றோர் உள்ள பிள்ளைகளையே இல்லத்தில் வைத்திருக்கும் கொடுமையும் சில நாடுகளில் நடக்கிறது. நிரந்தரப் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சியும் ஓய்வும் கிடைக்க உதவுவதே அங்கே சரியான ஊழியம்.

விசா: இங்கேதான் அதிகம் பிசகுகிறது

சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கம் செய்யலாமா, கைப்பிரதி கொடுக்கலாமா, மருத்துவ முகாம் நடத்தலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியா மிஷனரி விசா என்றே ஒரு தனி வகையை வைத்திருக்கிறது. நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம், மதம் மாற்றுவதற்கு 5 ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தவும் செய்யும். இப்படிப்பட்ட இடங்களில் நாம் பிடிபட்டால் விமானத்தில் ஏற்றி அனுப்புவார்கள். நம்மை அழைத்த போதகரோ நீதிமன்றத்துக்கு அலைவார். ஆகவே போகும் நாட்டின் தூதரகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். அழைக்கும் சபையிடமிருந்து, நாம் செய்யப்போவதை உள்ளபடி சொல்லும் அழைப்புக் கடிதம் வாங்குங்கள்.

குடிவரவு அதிகாரி கேட்டால் குழுவில் ஒவ்வொருவரும் உண்மையைச் சொல்ல வேண்டும். "சுற்றிப் பார்க்க வந்தோம்" என்று ஒருவரும் "சபைக்கு வந்தோம்" என்று இன்னொருவரும் சொன்னால் குழு முழுவதும் தனி அறையில் உட்கார வேண்டியதுதான். உண்மையைச் சொன்னால் அனுமதி கிடைக்காத நாடு என்றால், அந்தப் பயணத்தின் வடிவத்தையே மாற்றுங்கள். பொய் சொல்லி நுழைந்து சத்தியத்தைப் பிரசங்கிக்க முடியாது.

கடவுச்சீட்டில் பார்க்க வேண்டியவை:

1. திரும்பி வரும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். பல நாடுகள் இதைக் கட்டாயமாகக் கேட்கின்றன. விமான நிறுவனமே கவுண்டரில் தடுத்துவிடும்.
2. இரண்டு வெற்றுப் பக்கங்கள் இருக்கட்டும்.
3. பயணச்சீட்டில் உள்ள பெயர், கடவுச்சீட்டின் அடியில் உள்ள இரண்டு வரி இயந்திர எழுத்தில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். குடும்பப்பெயர் இடம் காலியாக இருப்பவர்கள், முதலெழுத்தை விரித்து எழுதாதவர்கள் கடவுச்சீட்டைத் திருத்தும் வேலையை ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.
4. இடையில் விமானம் மாறும் நாட்டுக்கு டிரான்சிட் விசா வேண்டுமா என்று தனியாகப் பாருங்கள். குழுவில் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவருக்கு மட்டும் அது தேவைப்படலாம்.
5. பெற்றோர் இல்லாமல் வரும் 18 வயதுக்குட்பட்டவருக்கு, பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற சம்மதக் கடிதம். ஒரு பெற்றோரோடு மட்டும் வந்தாலும் மற்றவரின் கடிதத்தைக் கேட்கும் நாடுகள் உண்டு.

குழுவும் பொறுப்புகளும்

முதன்முறை போகிறவர்களுக்கு 8 முதல் 12 பேர் போதும். இரண்டு வேனில் அடங்கும், ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். இருபது பேர் போனால் எங்கே நின்றாலும் காத்திருப்பதிலேயே நாள் போய்விடும்.

தலைவர் ஒருவர், அவர் காய்ச்சலில் படுத்தால் பொறுப்பேற்க இன்னொருவர், கணக்கு பார்க்க ஒருவர், மருந்துப் பைக்கு ஒருவர், பிள்ளைகள் பாதுகாப்புக்கு ஒருவர். தலைவரிடம் பணப்பையைக் கொடுக்காதீர்கள். முடிவெடுப்பவரும் செலவு எழுதுபவரும் வேறு வேறு ஆளாக இருப்பது இருவருக்கும் நல்லது.

ஒரு பக்க உடன்படிக்கை எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். தலைவரின் முடிவுக்குக் கட்டுப்படுவது, தனியாக வெளியே போகாதது, மது தொடாதது, பயணத்தில் புதிய காதல் தொடங்காதது, பணமோ படிப்புதவியோ தருவதாக யாருக்கும் தனியாக வாக்குக் கொடுக்காதது, மீறினால் சொந்தச் செலவில் திரும்ப வேண்டியிருக்கும் என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். பயணத்துக்கு முன் நான்கைந்து ஆயத்தக் கூட்டங்கள் வையுங்கள். ஜெபத்தோடு அந்த நாட்டின் வரலாறு, வணக்கம் சொல்லும் முறை, உடை, நூறு அன்றாடச் சொற்கள். கூட்டங்களுக்கு வராதவர் பயணத்துக்கும் வர வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

பணம்

செலவுப் பட்டியலில் விமானக் கட்டணம், விசா, காப்பீடு, தடுப்பூசி எல்லாரும் எழுதுவார்கள். மறப்பது மொழிபெயர்ப்பாளருக்கான சன்மானம், ஓட்டுநரின் சாப்பாடு, கூடுதல் பைக் கட்டணம், வங்கி மாற்றுக் கட்டணம், போக முடியாமல் நின்றுபோகும் ஒருவரின் திரும்பக் கிடைக்காத முன்பணம். மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் அவசரத்துக்கு ஒதுக்குங்கள். காணிக்கை திரட்டும் கடிதத்தில், பயணம் ரத்தானால் பணம் என்னவாகும் என்பதை எழுதியே ஆக வேண்டும். பணம் சபைக் கணக்குக்கு வரட்டும், தனிநபர் கணக்குக்கு வேண்டாம்.

ரொக்கமாகக் கொண்டுபோனால் சுங்க வரம்பைப் பாருங்கள். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல், ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் என்றால் அறிவிக்க வேண்டும். அறிவிப்பதற்குக் கட்டணம் இல்லை. அறிவிக்காமல் தப்பிக்கப் பத்துப் பேரிடம் பிரித்துக் கொடுப்பதுதான் குற்றமாகும்.

உடல்நலம்: ஆறு முதல் எட்டு வாரம் முன்பே

பயண மருத்துவரிடம் போகும்போது ஊர்ப் பெயர்களோடு, கிராமத்தில் தங்குவோமா, இரவில் வெளியே இருப்போமா என்பதையும் சொல்லுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் செல்லுபடியாகும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுவதும் செல்லும். டைபாய்டு ஊசி பயணத்துக்கு 2 வாரம் முன்பாவது போட்டிருக்க வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் புதுப்பியுங்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. நாய்கள் அதிகமுள்ள, மருத்துவமனை தூரமான இடம் என்றால் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) முன்தடுப்பு ஊசி பற்றிக் கேளுங்கள். முன்தடுப்பு போட்டிருந்தாலும், கடித்ததும் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மலேரியா மாத்திரையில்தான் பலர் தவறுகிறார்கள். திரும்பி வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அட்டோவகோன்-புரோகுவானில் என்றால் மலேரியா பகுதிக்குப் போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன் தொடங்கி, அங்கிருந்து வந்த பின் 7 நாள் தொடர வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் வந்த பின் 4 வாரம். மெஃப்ளோகுவின் குறைந்தது 2 வாரம் முன்பே தொடங்கி, வந்த பின் 4 வாரம், மனநலப் பாதிப்பு இருந்தவர்களுக்கு அது ஆகாது. எது யாருக்கு என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். கர்ப்பிணிகளுக்கு மலேரியா மிக ஆபத்தானது, அவர்கள் அந்தப் பகுதிகளுக்கு வராமல் இருப்பதே நல்லது. கொசுவுக்கு, டீட் என்னும் கொசுவிரட்டி மருந்து 20 முதல் 50 சதவீதம் உள்ள பூச்சு, பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி தடவிய வலை.

வயிற்றுப்போக்கு எந்தக் குழுவையும் விடாது. ஆளுக்கு ஆறு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ந்துவிட்டால் சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பு கூடினால் ஆபத்து, அளவை மாற்றாதீர்கள். மலத்தில் இரத்தமோ காய்ச்சலோ இருந்தால் லோபரமைடு போன்ற நிறுத்தும் மாத்திரை கூடாது, மருத்துவரிடம் போங்கள். தண்ணீரைத் தளதளவென்று கொதி வந்த பின் ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள், 2,000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் மூன்று நிமிடம். பல் துலக்கவும் அந்தத் தண்ணீரே. விருந்தில் ஐஸ் போட்ட பானம் தந்தால், சூடான தேநீர் கிடைக்குமா என்று அன்பாகக் கேட்டால் யாரும் மனம் நோகமாட்டார்கள்.

சொந்த மருந்துகளைக் கடையில் வந்த அட்டையோடும் டப்பாவோடும், மருந்தின் மூலப்பெயர் எழுதிய மருத்துவர் கடிதத்தோடும் கைப்பையில் வையுங்கள். பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து எடுங்கள். கோடீன் கலந்த வலிமருந்தும் சூடோஎஃபெட்ரின் கலந்த சளிமருந்தும் சில நாடுகளில் தடைசெய்யப்பட்டவை அல்லது கட்டுப்படுத்தப்பட்டவை.

மருத்துவ முகாம் நடத்துவதானால், நம் மருத்துவருக்கு அந்த நாட்டில் சிகிச்சை தர அனுமதி வேண்டும். உள்ளூர் மருத்துவர் பொறுப்பில் நடத்துங்கள். இரத்த அழுத்தத்துக்கு ஒரு வார மாத்திரை கொடுத்துவிட்டு வந்தால் எட்டாம் நாள் அந்தத் தாய் என்ன செய்வார்? தொடர் சிகிச்சைக்கு வழி இல்லாத மருந்தைத் தொடங்காதீர்கள். நன்கொடையாகப் போகும் மருந்து அங்கே சேரும்போது குறைந்தது ஓராண்டு காலாவதி மீதமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

காப்பீட்டில் மருத்துவ வெளியேற்றச் செலவு, அதாவது நோயாளியை நல்ல மருத்துவமனைக்கோ சொந்த நாட்டுக்கோ கொண்டுபோகும் செலவு, சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உடலுழைப்பு வேலையையும் மோட்டார் சைக்கிள் பயணத்தையும் விலக்கும் பாலிசிகள் பல.

பைகள்

பெரும்பாலான சாதாரண வகுப்புச் சீட்டுகளில் ஒரு பை 23 கிலோ. எந்தப் பையும் 32 கிலோவைத் தாண்டக் கூடாது. பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே. 100 வாட்-மணி வரை கேட்காமல் கொண்டுபோகலாம், அதாவது சுமார் 27,000 எம்ஏஎச். கத்தரிக்கோல், பசை, வண்ணம் போன்ற விடுமுறை வேதாகமப் பள்ளிச் சாமான்கள் சரக்குப் பையில். அவற்றை ஒரே பையில் அடைக்காமல் எல்லாருடைய பையிலும் பிரித்து வையுங்கள், ஒரு பை தொலைந்தாலும் நிகழ்ச்சி நிற்காது. இரண்டு நாள் மாற்றுடை கைப்பையில்.

பழைய துணி, பொம்மை என்று பெட்டி பெட்டியாகச் சேர்க்காதீர்கள். பயன்படுத்திய துணியை இறக்குமதி செய்யத் தடை உள்ள நாடுகள் உண்டு. சுங்கத்தில் மாட்டினால் அபராதத்தைக் கட்ட அழைத்த சபை ஓடும். அங்கேயே வாங்கினால் மலிவு, அவ்வூர்க் கடைக்காரருக்கும் வியாபாரம். விமான நிலையத்தில் யார் கொடுத்த பொட்டலத்தையும், போதகரின் உறவினர் கொடுத்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பயண நாள், போய்ச் சேர்ந்த பின்

கடவுச்சீட்டை அவரவரே வைத்துக்கொள்ளட்டும். தலைவர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டால், அந்தப் பை போனால் குழுவே சிக்கிக்கொள்ளும். நகல் ஒன்று தலைவரிடம், ஒன்று வீட்டில், ஒன்று மின்னஞ்சலில். தொலைந்தால் முதலில் காவல் நிலையப் புகார், பிறகு நம் தூதரகத்தில் அவசரப் பயண ஆவணம், அதன் பின் வெளியேறும் அனுமதி. மூன்றுக்கும் நகல் கேட்பார்கள். ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிடுங்கள். வண்டி கிளம்பும் முன் ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சொன்னால் பத்து நொடியில் யார் இல்லை என்று தெரியும். தங்கும் இடத்தின் முகவரியை உள்ளூர் எழுத்தில் அச்சடித்த அட்டை ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும்.

விமான மாற்றத்துக்குக் குழுவானால் மூன்று மணி நேரமாவது வேண்டும். வெவ்வேறு சீட்டாக வாங்கியிருந்தால் அதைவிடக் கூடுதல், ஏனெனில் ஒன்று தாமதமானால் அடுத்த நிறுவனம் பொறுப்பேற்காது. இரவில் நெடுஞ்சாலைப் பயணத்தைத் தவிருங்கள். பயணிகளின் உயிரிழப்புக்குச் சாலை விபத்து முக்கியக் காரணங்களில் ஒன்று. இருக்கைப் பட்டி இல்லாத வேன் வந்தால் வேறு வண்டி கேளுங்கள்.

மொழிபெயர்ப்போடு பேசுவது

இருபது நிமிடப் பிரசங்கம் மொழிபெயர்ப்போடு நாற்பது நிமிடம் ஆகும். நேரம் கொடுத்தால் அதில் பாதிக்குத்தான் ஆயத்தம் செய்யுங்கள். ஒரு முழு வாக்கியம் சொல்லி நிறுத்துங்கள், அரை வாக்கியத்தில் நிறுத்தினால் வினைச்சொல்லின் இடம் மாறும் மொழிகளில் அவரால் தொடங்கவே முடியாது. பழமொழி, எதுகை மோனை, சொல் விளையாட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வசனங்களின் பட்டியலை முந்தின நாளே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, கூட்டத்தில் அவர்கள் மொழி வேதாகமத்திலிருந்து உள்ளூர் விசுவாசி ஒருவரே வாசிக்கட்டும். அதிகாரத்திலும் வசன எண்ணிலும் பதிப்புக்குப் பதிப்பு வேறுபாடு இருக்கலாம், சங்கீதங்களில் குறிப்பாகச் சரிபாருங்கள். ஒருவரே நாள் முழுதும் மொழிபெயர்த்தால் குரலும் கவனமும் போய்விடும், இருவரை மாற்றி மாற்றி நிறுத்துங்கள். சாட்சி சொல்கிறவர் மூன்று நிமிடத்தில் முடிக்கட்டும். நம் வீடு, வேலை, சம்பளம் பற்றிய விவரம் வேண்டாம், அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அது எட்டாத உலகம்.

பிள்ளைகளும் படங்களும்

பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கவே கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்திருக்கட்டும். கழிவறைக்கு உள்ளூர் ஆசிரியரே அழைத்துப்போகட்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு, தனிப்பட்ட தொலைபேசி எண் கூடாது. படம் எடுக்கப் பெற்றோரிடமும் போதகரிடமும் அனுமதி கேளுங்கள். நம் வீட்டுப் பிள்ளை அழுக்குச் சட்டையோடு அழும்போது படம் எடுத்து யாராவது பதிவிட்டால் நமக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நெருக்கடி உள்ள நாடுகளில் ஞானஸ்நானப் படமோ ஊர்ப் பெயரோ சமூக வலைத்தளத்தில் வரவே கூடாது, திரும்பி வந்த பிறகும் கூடாது. நாம் ஊருக்கு வந்துவிடுவோம், படத்தில் இருப்பவர் அங்கேயே வாழ வேண்டும்.

தினமும் இரவு அரை மணி நேரம் குழு உட்காருங்கள்: ஜெபம், யாருக்கு உடல் சரியில்லை, நாளை எத்தனை மணிக்கு, யாரிடம் மனக்கசப்பு. மூன்றாம் நாளில் தூக்கமின்மையும் வெயிலும் சேர்ந்து சண்டை வரும், அது வழக்கம். அன்று மாலை நிகழ்ச்சியைக் குறைத்து ஓய்வு கொடுங்கள்.

திரும்பும்போதும் அதன் பின்னும்

கிளம்பும் முந்தின நாள் அழைத்த சபையின் மூப்பர்களோடு உட்கார்ந்து, எது உதவியது, எது பாரமாக இருந்தது என்று கேளுங்கள். முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குவார்கள். ஒரு மாதம் கழித்து எழுத்தில் மறுபடி கேளுங்கள். மீந்த பணத்தைத் தனி ஆளிடம் கொடுக்காமல் சபைப் பொருளாளரிடம் ரசீது வாங்கிக் கொடுங்கள்.

குழுவில் யார் என்ன வாக்குக் கொடுத்தார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். "படத்தை அனுப்புகிறேன்" என்பதுகூட வாக்குத்தான். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளும் ஒரு தேதியும் போட்டு, முடியும் வரை அந்தத் தாளைத் தலைவர் வைத்திருக்கட்டும். காணிக்கை கொடுத்தவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் கணக்கோடு அறிக்கை போகட்டும்.

மலேரியா பகுதிக்குப் போய் வந்தவருக்கு ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும், அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். எந்த நாட்டுக்குப் போனோம் என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.